பெரட்டுக்குப் பேர் கொடுக்காத புஷ்பலதா

என் மனைவி புஷ்பலதாவிடம் நான் சம்பளம் வாங்குகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டி மூன்று முதலாளிகளைப் பார்த்தவன் நான். இவள் நாலாவது. நால்வரிலும் கறாரான ஆள் இவள்தான். ஆனால் மதியச் சாப்பாடு போட்ட முதலாளியும் இவள் ஒருத்திதான்.

அவளுடைய வேலை டிரோன் ஓட்டுவது. கல்யாண வீட்டில் படம் எடுக்கிற குட்டி டிரோன் என்று நினைத்துவிட வேண்டாம். செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கிற பெரிய இயந்திரம். கைகளை விரித்து வைத்தால் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி போட இடம் இருக்காது. வயிற்றில் பத்து லிட்டர் தொட்டி. அவள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் பேட்டரி மாற்றுவேன், தண்ணீர் சுமப்பேன், மிச்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். காற்று மாறினால், ஆள் குறுக்கே வந்தால் குரல் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. காகிதத்தில் எனக்குப் பார்வையாளர் என்று பெயர் போட்டிருக்கிறது. வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே மனிதர் நீங்கள்தான் என்பாள் லதா.

அவள் பிறந்தது சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினேழு வயதில் மருந்து அடிக்கிற வேலைக்குப் போனாள். முதுகில் பம்பு, கையில் குழாய், காலில் கிழிந்த பூட்ஸ். ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். மரம் மாறியது, பம்பு மாறவில்லை. என்னைக் கல்யாணம் செய்த பிறகும் நாங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே இருந்தோம். நான் பஸ்ஸுக்குப் போவேன், அவள் பம்புக்குப் போவாள். மொத்தம் பத்தொன்பது வருடம் பம்பு சுமந்தாள். வலது கையில் இரண்டு விரல்களுக்கு இன்றுவரை நகம் ஒழுங்காக வளர்வதில்லை. அந்த இரண்டு விரல்களால்தான் இப்போது டிரோனை வானத்தில் நிறுத்துகிறாள்.

லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது புந்தோங்குக்கு வந்தோம். ஒன்பது வருடம் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி மடித்தாள். பிறகு சுங்காயில் சிறுதோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் டிரோன் பயிற்சி வைத்தது. இளைஞர்களுக்கு என்று போட்டிருந்தது. நாற்பத்தைந்து வயதில் இவள் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பயிற்சியாளர் வந்து, "அம்மா, யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?" என்று கேட்டார். மூன்றாம் நாள் அதே மனிதர், காற்று எந்தப் பக்கம் திரும்பும், துளி எவ்வளவு பொடியாக இருந்தால் பறந்துபோகும் என்று இவளிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். இந்தக் கதையை நான் இதுவரை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். இனியும் சொல்வேன்.

இப்படிப்பட்ட கெட்டிக்காரிக்கு ஒரு பிடிவாதம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து டிரோனை அணைக்கும்போது ரிமோட் திரையில் ஒரு கேள்வி வரும். இன்றைக்குப் பறந்த விவரங்களை, டிரோனைத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பி வைக்கலாமா என்று. எங்கே பறந்தது, எவ்வளவு உயரம், எத்தனை லிட்டர் தெளித்தது, ரிமோட்டைப் பிடித்தவர் எங்கே நின்றார், எல்லாம் அந்த விவரத்தில் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் டிரோன் ஓட்டுகிற எல்லாரும் 'சரி' என்று அழுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவள் மட்டும் நாலு வருடமாக 'வேண்டாம்' என்றே அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிட்டுப் போயேன் லா. நாளைக்கு மெஷினு விழுந்து ஒடஞ்சா, பதிவு இருந்தாதான கம்பெனிக்காரன் மாத்திக் குடுப்பான்?" என்று நான் சொல்வேன். எங்கள் ஊர்ப் பேச்சில் யாரிடமும் 'லா' போடாமல் வாக்கியம் முடியாது.

"பெரட்டு தோட்டத்தோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். இவனுக்கும் பேர் குடுக்கணுமா?" என்பாள்.

தோட்டத்தில் விடியற்காலை இருட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். மண்டோர், அதாவது ஆட்களை மேய்த்த மேற்பார்வையாளர், பேரேட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே போவார். இரண்டு நிமிடம் பிந்தினால் அரைநாள் சம்பளம் போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வரிசையில் நின்று சொல்ல வேண்டும். லதாவுக்கு இந்த அனுப்புகிற விஷயம் அந்த வரிசையை ஞாபகப்படுத்திவிட்டது. அதோடு அவளிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. "நம்ம விவரம் மட்டுமா போகுது? யார் தோட்டத்தில எத்தன மரம் சீக்கா கெடக்கு, யார் எவ்வளவு மருந்து வாங்கினாங்க, எல்லாம் போகுது. அவங்க என்னை நம்பி கேட்டத் தொறந்து விடுறாங்க. முன்னபின்ன தெரியாத கம்பெனிக்கு அதை நான் ஏன் சொல்லணும்?"

நான் விடமாட்டேன். என்னுடைய கடைசி ஆறு வருடத்தில் பஸ்ஸிலும் அப்படி ஒரு கருவி வைத்தார்கள். கம்பார் ஊர் நிறுத்தத்தில் கக்கூஸுக்குப் போய் வந்தால், பதினொரு நிமிடம் எங்கே போனாய் என்று போன் வரும். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒருமுறை, நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டேன் என்று ஒரு பயணி புகார் கொடுத்தபோது, அந்தக் கருவிதான் நான் நாற்பது வினாடி நின்றதைக் காட்டி என்னைக் காப்பாற்றியது. அந்த மனிதர் எதிர்த்த கடையில் தே தாரே, அதாவது ஆற்றிய பால் டீ, குடித்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். இதைச் சொன்னால் லதா, "உங்களத் திட்ட வச்சதும் அதுதான், காப்பாத்தினதும் அதுதானா? நல்லா இருக்கு கதை" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்தச் சண்டை சிரிப்போடு முடிந்திருக்கும். போன வருடம் ஆடி மாதம் என் வாய் சும்மா இருந்திருந்தால்.

எங்கள் தோட்டத்து லயங்களை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயிலை மட்டும் இடிக்கவில்லை. செம்பனைகளுக்கு நடுவில் அது அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு ஒருநாள் ஈப்போ, கிள்ளான் என்று சிதறிப்போன எல்லாரும் கார்களில் வந்து இறங்குவோம். கோயில் திடலை ஒட்டி அப்துல் நாசர் இரண்டு குளம் வெட்டித் திலாப்பியா மீன் வளர்க்கிறார். ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையும் வைத்திருக்கிறார். குளத்து மீன் அவர் கடைக்கே போகும். தங்கமான மனிதர். திருவிழாவுக்குச் சீரியல் பல்பு, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் தன்னுடைய பம்புக் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுப்பவர் அவர்தான். ஒரு காசு வாங்கியதில்லை.

திருவிழாவின் முடிவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். பெண்கள் குடத்தில் மொண்டு ஊற்றுவார்கள். முன்னால் நிற்பவர்கள் குளித்துவிடுவார்கள். பின்னால் நிற்பவர்கள்மேல் ஒரு சொட்டும் விழாது. ஒவ்வொரு வருடமும் இதில் ஒரு மனஸ்தாபம் வரும். கோயில் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது நான் எழுந்து, "எதுக்குச் சண்ட? எங்க லதா மேலேருந்து தெளிச்சுவிடுவா. எல்லாருக்கும் சமமா விழும்" என்றேன். கைதட்டல் பறந்தது. தலைவர் என் முதுகைத் தட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் தரையில் கால் பாவவில்லை.

வீட்டுக்குத் திரும்பக் காரில் ஏறினோம். தாப்பா ஊரைத் தாண்டிய பிறகுதான் லதா வாயைத் திறந்தாள். "ஆளுங்க தலைக்கு மேல பறக்கக் கூடாதுங்க. லைசென்ஸ் குடுக்கும்போதே சொல்லித்தான் குடுத்தாங்க."

"சாமி காரியம்தான லா?"

"லைசென்ஸ சாமி குடுக்கல."

ஆனாலும் ஒத்துக்கொண்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதுவரை சங்கத்தின் பழைய டிரோனைத்தான் ஓட்டினாள். அந்த வாரம்தான் சொந்தமாகப் புதியது ஒன்று வாங்கியிருந்தாள். எங்கள் ஆட்கள் சைக்கிள் வாங்கினாலும் லோரி வாங்கினாலும் முதலில் கோயிலுக்குத்தான் கொண்டுபோவோம். டிரோனுக்கு மட்டும் விலக்கா? புதுத் தொட்டி, புதுக் குழாய், மருந்து வாசனைகூடப் படாதது. பெட்டியைப் பிரித்து அதைத் தடவிப் பார்த்தபடி, "இது ஒண்ணாவது மருந்தில ஆரம்பிக்காம இருக்கட்டும்" என்றாள். நான் கேட்காத மாதிரி ஸ்குரூ தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிரோனுக்குச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், நாலு காலுக்கும் கீழே எலுமிச்சம்பழம். பூசாரி அதன் கண்ணாடியிலும் பொட்டு வைக்கப் போனார். "அது கண்ணு சாமி, மறைச்சா முட்டிக்கும்" என்று லதா தடுத்தாள். மஞ்சளைக் கரைத்துத் தன்னுடைய பழைய வாயில் துணிப் புடவையில் மூன்று தடவை வடிகட்டினாள். வேப்பிலை போட வந்தவர்களை விரட்டினாள், குழாய் அடைத்துக்கொள்ளும் என்று. பதினொரு மணிக்கு டிரோன் எழுந்தது. நானூறு பேர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். வெயிலில் மஞ்சள் மழை. குழந்தைகள் நாக்கை நீட்டிக்கொண்டு ஓடினார்கள். பின்வரிசைக்காரர்கள் எல்லாரும் நனைந்தார்கள். அந்த வருடம் ஒருவருக்கும் மனஸ்தாபம் இல்லை.

திங்கட்கிழமை காலையில் நாசருடைய குளத்தில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. லதா குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். கூட்டுறவுச் சங்கத்து மேலாளர் அஸ்வான். வயதில் சின்னவர், நல்ல மரியாதை தெரிந்தவர். "மாயாண்டி அண்ணே, ஞாயித்துக்கிழம கோயில்கிட்ட டிரோன் பறந்துச்சா? நாசர் அண்ணன் குளத்தில மீனெல்லாம் செத்துப் போச்சு. டிரோனு மஞ்சளா என்னமோ அடிச்சுச்சுன்னு அவரோட வேலையாளு சொல்றான்" என்றார்.

ஆட்கள் தலைக்கு மேல் பறந்தது தெரிந்தால் லதாவின் வேலை போய்விடுமே என்ற ஒரே நினைப்பு எனக்கு. என் யோசனையால் அவள் வேலை போகலாமா? வாயைத் திறந்தேன். "ஞாயித்துக்கிழமையா? நாங்க பறக்கவே இல்ல லா அஸ்வான். மெஷினு இன்னும் பெட்டியிலதான் கெடக்கு."

நானூறு பேர் பார்த்த ஒன்றை நடக்கவே இல்லை என்று சொன்ன ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அதில் பாதிப் பேர் போனில் படம் வேறு எடுத்திருந்தார்கள். இதையெல்லாம் அப்போது யோசித்திருந்தால் நான் ஏன் மாயாண்டியாக இருக்கிறேன்? லதாவிடமும் சொல்லவில்லை. யார் போனில் என்று கேட்டாள். தவறான நம்பர் என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்.

புதன்கிழமைக்குள் அந்தப் படங்கள் எல்லார் போனிலும் சுற்றின. செத்த மீன் படமும் கூடவே சுற்றியது. பறக்கவில்லை என்று புருஷன் சொன்னான் என்ற செய்தியும் எப்படியோ வெளியே கசிந்தது. மஞ்சள் தண்ணீர்தான் என்றால் எதற்கு மறைக்க வேண்டும், மருந்துத் தொட்டியைக் கழுவாமல் ஊற்றியிருப்பாள், அதனால்தான் புருஷன் பொய் சொல்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயமான சந்தேகம். அதை அவர்கள் மனதில் விதைத்தவன் நான்.

வியாழக்கிழமை சாயங்காலம் தினேஸ்வரி கூப்பிட்டாள். லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்த பெண். இப்போது கிள்ளானில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. லதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பாப்பாவுக்கு ஒடம்பு அரிக்குதோன்னு பயமா இருக்கு. டாக்டருகிட்ட காட்டினேன், ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. ஆனா எனக்குத் தூக்கம் வரல. அந்தத் தொட்டியில முன்னாடி மருந்து ஏத்தினீங்களாக்கா? அன்னைக்கு அவ என் இடுப்பில இருந்துக்கிட்டு நாக்க நீட்டினா."

லதா கத்தியைக் கீழே வைத்தாள். "இல்லம்மா. புதுத் தொட்டி" என்றாள்.

"அப்புறம் ஏன் அண்ணன் பறக்கவே இல்லன்னு சொன்னாரு?"

லதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். "நான் நாளைக்குக் கூப்பிடுறேன்மா" என்று போனை வைத்தாள். பிறகு என்னைக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அந்த இரண்டு விரல்களைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில், "வேலை போனாப் போகட்டுங்க. புள்ளைங்க மேல மருந்து ஊத்தினவன்னு எனக்குப் பேர் வரக் கூடாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை சுங்காயில் சங்கத்து அலுவலகத்துக்குப் போனோம். நாசரும் அங்கே இருந்தார். எப்போதும் என்னைக் கண்டால் "வாங்க மச்சான்" என்பவர், அன்று தலையை மட்டும் ஆட்டினார். நான் முதல் வேலையாக அஸ்வானிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்தபடி தலையசைத்தார். எனக்கு நாற்காலி போட்டார்களா என்றுகூட நினைவில்லை.

லதா ரிமோட்டை மேசைமேல் வைத்தாள். "இதில பதிவு இருக்கு."

"அக்கா, தெளிவா சொல்லிடுறேன்" என்றார் அஸ்வான். "இந்தப் பதிவு கம்பெனி தளத்தில ஏத்தினாத்தான் வரைபடமா தொறக்கும். ஏத்திட்டா தேதியோட, மணியோட அங்க நிக்கும். யாரும் மாத்த முடியாது. குளத்துப் பக்கம் போனீங்களா இல்லையான்னு அப்பட்டமா தெரிஞ்சிரும். ஆனா ஆளுங்க தலைக்கு மேல பறந்ததும் தெரிஞ்சிரும். அத நான் மறைக்க மாட்டேன், எழுதித்தான் ஆகணும். நீங்க ஏத்தலன்னா எந்த உயரத்தில, எங்க பறந்தீங்கன்னு யாரும் நிரூபிக்க முடியாது. போன்ல எடுத்த படத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. யோசிச்சுச் செய்ங்க."

"மூணு நாளா யோசிக்கிறது நீங்கதான் தம்பி. நான் நேத்தே யோசிச்சு முடிச்சிட்டேன்" என்றாள் லதா. நாலு வருடமாக 'வேண்டாம்' என்று அழுத்திய விரலால் 'சரி' என்று அழுத்தினாள்.

அழுத்தியதும் ஏறிவிட்டதா? சங்கத்து இணையம் நத்தை வேகம். ஏழு விழுக்காடு, ஒன்பது விழுக்காடு, பிறகு அப்படியே நின்றது. நாங்கள் நாலு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாசருக்குப் பொறுக்கவில்லை. என்ன கோபம் இருந்தாலும் சாப்பாட்டுக் கடைக்காரர் அல்லவா, எதிர்க்கடையில் நாலு தே சொல்லிவிட்டு வந்தார். பாதித் தே குடித்து, மிச்சம் ஆறிப்போன பிறகுதான் படம் திறந்தது.

கோயில் திடல் மேலிருந்து தெரிந்தது. பச்சைக் கோடு டிரோன் போன பாதை. நீலப் பட்டை தெளித்த இடம். வெள்ளைப் புள்ளி ரிமோட்டோடு ஆள் நின்ற இடம். அஸ்வான் ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்த இயந்திரத்தின் மொத்தப் பறப்பு ஒன்று. அதற்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் இல்லை. நீலப் பட்டை முழுக்கத் திடலுக்குள்ளேயே இருந்தது. குளக்கரைக்கும் அதற்கும் அறுபத்திரண்டு மீட்டர். நாசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார், விரலால் அளந்து பார்த்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இது என்ன?" என்றார் அஸ்வான். படத்தைப் பெரிதாக்கினார். "எழும்பினதும் கூட்டத்துப் பக்கம் போகல. நேரா இந்த வெள்ளப் புள்ளிக்கு மேல வந்து நிக்குது. பதினாலு செகண்டு இங்கயே தெளிக்குது. இந்தப் புள்ளி நீங்கதான? உங்க மேலயேவா தெளிச்சீங்க?"

"ஆமா."

"ஏன்?"

லதா சாதாரணமாகத்தான் சொன்னாள். "தோட்டத்தில புது மருந்து வரும்போதெல்லாம் மண்டோர் காத்து அடிக்காத பக்கமா தூர நின்னுக்கிட்டு, ஒண்ணும் செய்யாது, தண்ணி மாதிரிதான், அடிங்கன்னு சொல்லுவாரு. பத்தொன்பது வருஷம் கேட்டேன். ஒரே ஒரு நாள் அவரு கைமேல ஊத்திக் காட்டியிருந்தா நம்பியிருப்பேன். இப்ப ஒண்ணும் செய்யாதுன்னு சொல்ற ஆளு நானு. புள்ளைங்க மேல விழறதுக்கு முன்னாடி மொதல்ல என்மேல விழணும். அவ்வளவுதான் தம்பி."

எனக்கு அந்த வெள்ளைப் புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தப் பதினாலு வினாடி நான் எங்கே இருந்தேன்? அவள் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டிய பார்வையாளன் நான். பந்தலில் இரண்டாவது கிண்ணம் பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன். அவள் ஈரத் தலையோடு வந்தபோது, "எல்லாருக்கும் விழுந்த மாதிரி உனக்கும் விழுந்துச்சா?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. என் மனைவியை எனக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஓர் இயந்திரத்தின் பதிவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தே சூடு என்று சமாளித்தேன். தே ஆறி அரைமணி நேரம் ஆகியிருந்தது.

நாசர் எழுந்தார். "தங்கச்சி, மீனு எதனால செத்துச்சோ தெரியல. உன்னால இல்ல. அது போதும் எனக்கு" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "மச்சான், நீ பொய் சொல்லாம இருந்திருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டேன்" என்று எனக்கும் ஒன்று வைத்துவிட்டுப் போனார்.

லதா அந்தப் படத்தைப் போனில் எடுத்துக் கோயில் குழுவுக்கு அனுப்பினாள். கீழே தன் குரலில் ஒரு நிமிடம் பேசினாள். பறந்தது தப்பு, ஆனால் தண்ணீர் சுத்தம், முதலில் விழுந்தது என்மேல் என்று. தினேஸ்வரி உடனே கூப்பிட்டாள். பேசவில்லை, அழுதாள். பாப்பா பின்னாலிருந்து கத்திக்கொண்டிருந்தது.

மீன் விஷயம் ஒரு வாரத்தில் தெரிந்தது. மருந்து இல்லை என்று ஆனதும் நாசர் வேறு காரணம் தேடத் தொடங்கினார். தேடத் தேட வேலையாளின் முகம் கறுத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் விளக்கு, ஒலிபெருக்கி, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து இழுத்ததில் பம்புக் கொட்டகையில் குளத்துப் பக்கத்துச் சுவிட்ச் மட்டும் ட்ரிப் ஆகி விழுந்திருக்கிறது. குளத்துக்குக் காற்று கொடுக்கிற சக்கரம் ராத்திரி முழுக்கச் சுற்றவில்லை. விடியற்காலை வந்த வேலையாள் சுவிட்சைத் தூக்கிவிட்டு, பயத்தில் வாயை மூடிக்கொண்டான். என்னைப் போலத்தான். நாசர் அவனைத் திட்டினார், வேலையைவிட்டு அனுப்பவில்லை. இனிமேல் குளத்துக்குத் தனி ஒயர் என்று சொன்னார். அடுத்த திருவிழாவுக்குக் கரண்ட் தருவீர்களா என்று நான் பயந்து பயந்து கேட்டேன். "அம்மனா என் மீனக் கொன்னுச்சு? ஐஸ் பெட்டி போட்டது உங்க ஆளுங்க" என்றார்.

ஆட்கள் தலைக்கு மேல் பறந்ததற்குச் சங்கம் மூன்று மாதம் லதாவைப் பறக்கவிடவில்லை. அவள் ஒரு வார்த்தை வாதாடவில்லை. மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து என்னை மேற்பார்வை செய்தாள். இதுவும் ஒரு பெரட்டுதான் என்று நான் முனகினால், "பொய் சொல்றவங்களுக்குத் தினம் ரெண்டு பெரட்டு" என்பாள்.

தடை முடிந்து முதல் நாள். சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு சிறுதோட்டம். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லதா தொட்டியில் சுத்தமான தண்ணீரை ஊற்றி, குழாய் ஒழுங்காகத் தெளிக்கிறதா என்று பார்த்தாள். இறக்கியதும் திரையில் அந்தப் பழைய கேள்வி வந்தது. யோசிக்காமல் 'வேண்டாம்' என்று அழுத்தினாள்.

"இவ்வளவு நடந்த பிறகுமா?" என்றேன்.

"அஸ்வான் மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு, குடுத்தேன். நாளைக்குத் தினேஸ்வரி கேட்டாலும் குடுப்பேன். மாசக் கடைசியில பதிவ எல்லாம் சங்கத்தில குடுத்து வைக்கிறேன்னு சொல்லிட்டேன். என் மேல சந்தேகம் வந்தா எடுத்து ஏத்திப் பாக்கட்டும். மொகம் தெரியாத கம்பெனிக்கு நான் ஏன் தினமும் பேர் குடுக்கணும்?"

"அவனும் கேக்கத்தான செய்றான்?"

"வேண்டாம்னு சொன்ன பிறகும் தினம் வந்து நிக்கிறதுக்குப் பேரு கேக்கிறதா?"

நான் பேட்டரியை மாற்றினேன். தொட்டியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவள் டிரோனை மறுபடி எழுப்பினாள்.

"இந்தாங்க, அங்க போய் நில்லுங்க" என்றாள்.

"நானா? எதுக்கு?"

"சும்மா தண்ணிதான். ஒண்ணும் செய்யாது."

மறுத்துப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது? போய் நின்றேன். தலைக்கு மேல் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். சில்லென்று தண்ணீர் விழுந்தது, சட்டை ஒட்டிக்கொண்டது, நான் ஐயோ என்று கத்தினேன். கண்ணைத் திறந்து அவள் எங்கே நின்று சிரிக்கிறாள் என்று தேடினேன். ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முடியெல்லாம் நனைந்துபோய், என் பக்கத்தில்தான் நின்றாள்.